அடைக்கோழியின் கீழ் ஒரு போத்தல்

போன கிழமை அந்தப் பாட்டுக்காரர் இறந்துபோனார். கைப்பேசியைத் திறந்தால் அவருடைய பழைய வீடியோக்கள்தான்: மேடையில் விழுந்தது, ஒலிவாங்கியை எறிந்தது, பொலிஸ் ஜீப்பில் ஏறியது. கீழே சிரிக்கும் முகங்கள். நானும் ஏதாவது எழுத நினைத்து மூன்று முறை தட்டி, மூன்று முறையும் அழித்தேன். என் மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். குடிகாரரைப் பற்றி அம்மா ஏன் நல்லதாக எழுதினீங்க என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனாலும் அவர் ஒரு பகல் முழுக்க எங்கள் வீட்டில் இருந்தவர்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கண்டக்குழியில் மாதா கோயில் திருவிழா. பொழுதுபட இசை நிகழ்ச்சி. திருவிழாக் குழுவில் இருந்த அப்பா, பாட்டுக்காரரை நிதானத்தோடு மேடையேற்றுவது தன் பொறுப்பு என்று பங்குச் சுவாமியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். முந்தின வருடம் இன்னோர் ஊரில் அவர் இரண்டாவது பாட்டோடு மேடையிலேயே படுத்துவிட, சனம் கதிரைகளை உடைத்திருந்தது. அதனால் அப்பா அலுமாரியில் இருந்த தன் சாராயப் போத்தலைச் சித்தப்பா வீட்டுக்கு நாடு கடத்தினார். பக்கத்துக் கடைகளுக்கும் சொல்லிவைத்தார். காலையிலேயே வந்திறங்கிய பாட்டுக்காரரை எங்கள் வீட்டில் தங்கவைத்தார். பிறகு கோயிலுக்கு விளக்குக் கட்டப் போகும்போது, பாட்டுக்கார மாமாவை எங்கும் போகவிடாதே என்று என்னை வாசலில் உட்கார்த்திவிட்டுப் போனார். இன்றைக்கு என் பிள்ளையை இப்படி ஒரு வேலைக்கு விடுவேனா? மாட்டேன். ஆனால் அம்மா கூப்பிடு தூரத்தில், கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

எல்லாரும் மறந்தது ஒன்று. அப்பத்துக்கு மாவைப் புளிக்க வைக்க அம்மா வாங்கிய கள்ளில் முக்கால் போத்தல் குசினியில் மிச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் அது உப்பு, புளி மாதிரி ஒரு சமையல் சாமான். அதை யாரும் குடிவகையில் சேர்த்ததில்லை.

தண்ணீர் குடிக்கப் போன மாமா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கழுத்தைப் பிடித்துத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"மகள், இத எங்கயாச்சும் ஒளிச்சு வை. நான் கேட்டாலும் குடுக்காத."

"கெஞ்சினா?"

"கெஞ்சினாலும்."

"ஏசினா?"

"ஏசினாலும்தான்."

எனக்கு ஒரே புளுகம், துள்ளிக்கொண்டு ஓடினேன். கோழிக்கூட்டில், அடைக்கோழியின் வயிற்றுக்குக் கீழே வைக்கோலுக்குள் சொருகிவிட்டு வந்தேன்.

முதலில் அவர் வேடிக்கையாகத் தேடினார். தன் சப்பாத்துக்குள் எட்டிப் பார்த்தார். என் காதுக்குள்ளும் பார்த்தார். நான் சிரித்துச் சிரித்து விழுந்தேன். மத்தியானம் தாண்டியதும் அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பை கையில் ஆடியது. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"விளையாட்டு முடிஞ்சுது மகள். தா."

கெஞ்சினாலும் கொடுக்கக்கூடாது என்று நினைவூட்டினேன். அவர் சிங்களத்தில் ஏதோ ஏசினார். ஏசினாலும் கொடுக்கக்கூடாதுதானே. கடைசியில், என் கண் ஓடிய பக்கத்தைப் பிடித்து, கூட்டுக்குள் கையை விட்டார். அடைக்கோழி கொத்திய கொத்தில் விரலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவர், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அம்மாவிடம் இன்னொரு தேத்தண்ணி கேட்டார். கூட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

மாலையில் வந்த அப்பா, அவருடைய சேட்டுக் கொலரைச் சரிசெய்யும் சாட்டில் வாயை முகர்ந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். அன்று சனம் கேட்ட பாட்டையெல்லாம் மாமா பாடினார். பங்குச் சுவாமியே கை தட்டினார்.

மறுநாள் காலை அவரைக் கூட்டிப்போக வான் வண்டி வந்தது. ஏறப்போனவர் திரும்பி வந்து என் முன்னால் குந்தினார்.

"என்னோட கொழும்புக்கு வாறியா மகள்? எங்கட வீட்டுல ஒளிச்சு வைக்க ஒரு ஆளும் இல்ல."

நன்றாக யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விச் சோதனை இருக்கிறது, வர ஏலாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பெரிய ஆள் ஒருவரின் பதிலைக் கேட்டதுபோல் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

அவ்வளவு பேர்பெற்ற மனிதர் ஊர் முன்னால் என்னோடு பகிடி விட்டாரே என்று, சோதனை முடியும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.