கப்பலேறித் திரும்பிய பெட்டி

எங்கள் தொழிலில் புரோகிராம் எழுதுவதற்குச் சம்பளம் உண்டு; அதை ஓடவிடச் சொல்லி மேலிடத்தோடு மல்லுக்கட்டுவதற்குக் கிடையாது. மேனேஜர் வாய்த்த எல்லோருக்கும் இது புரியும்.

போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஒரு சின்ன கம்பெனி. தண்ணீர்த் தொட்டி வால்வை நேரத்துக்குத் திறந்து மூடும் பெட்டிகள் செய்கிறது. காலேஜ் கடைசி வருஷ புராஜெக்டுக்காக அங்கே போய்ச் சேர்ந்தேன். பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் மெயின்லேண்டில், அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியப் பெருநிலத்தில், லைசன்ஸ் போட்டு வாங்கியது. மாதம் ஒரு முறை இன்டர்நெட்டில் போய் லைசன்ஸைச் சரிபார்க்கும். நெட் இல்லையென்றால் நின்றுவிடும். தீவில் உட்கார்ந்துகொண்டு நெட்டை நம்பும் பெட்டி!

ஏணி

கார் நிக்கோபார் தீவின் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் எங்கள் பெட்டி ஒன்று இருக்கிறது. பார்த்துக்கொள்பவர் செல்வம் அண்ணன், முட்டிவலிக்காரர். ஒரு மாதம் லைசன்ஸ் சரிபார்க்கும் சமயமாகப் பார்த்து நெட் நாலு நாள் படுத்தது, பெட்டியும் படுத்தது. காலையும் மாலையும் மழையில் இரும்பு ஏணியில் ஏறி, வால்வைக் கையால் திருகித்தான் அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் விட்டார். "அரே தங்கச்சி, ஏணி வழுக்குது. விழுந்தா என்னை ஹெலிகாப்டர்லதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்" என்று போனில் சொன்னார்.

கொதித்துப்போய் லைசன்ஸ் விற்ற கம்பெனியைக் கூப்பிட்டேன். நெட் இல்லை, அதனால்தான் பெட்டி நின்றது என்று மூன்று தடவை விளக்கினேன். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "புரியுது மேடம். நெட்ல போய் ஒரு கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணிடுங்க."

சட்டை

மேனேஜரிடம் போனேன். ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருக்கிறது சார், அதன் புரோகிராம் முழுவதும் நம் கையில் இருக்கும், மாதாமாதம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நெட் இல்லாமலே ஓடும் என்று அரை மணி நேரம் பேசினேன். விலை என்ன என்றார். இலவசம் என்றேன். அங்கேதான் தப்பு செய்தேன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும் விக்கலையா? அப்ப கோளாறு வந்தா நான் யாரு சட்டையைம்மா பிடிக்கிறது?"

இப்போது செல்வம் அண்ணன் ஏணி ஏறுகிறாரே, லைசன்ஸ்காரர் சட்டையைப் பிடித்தீர்களா என்று கேட்டேன். "பிடிக்கலைம்மா. ஆனா பிடிக்கிறதுக்குச் சட்டைன்னு ஒண்ணு இருக்குல்ல!"

மேஜை

சரி, செய்தே காட்டிவிடுவோம் என்று ஓப்பன் சோர்ஸில் ஒரு பெட்டி தயாரித்து, மேனேஜர் மேஜைமேலேயே வைத்து, நெட் கேபிளையும் பிடுங்கிவிட்டேன். நாற்பது நாள் ஓடியது. கரண்ட் போய் வந்தபோதெல்லாம் தானே எழுந்து ஓடியது. ஸ்டோர் பார்க்கும் வங்காளி அண்ணன் பிஸ்வாஸ் தாதா தினமும் எட்டிப் பார்த்து, "சல் ரஹா ஹை!", ஓடுகிறது என்று இந்தியில் ஆபீஸ் முழுக்கக் கேட்க அறிவித்தார்.

நாற்பத்தோராம் நாள் மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது. மெயின்லேண்ட்ல யாராவது பார்த்தாங்களா?"

முடிச்சு

சோப்பிலிருந்து சிமென்ட் வரை கப்பலில் வரும் ஊர் இது. கப்பலில் வராதது சரக்கே இல்லை என்பது மேனேஜரின் கட்சி. பெட்டியைச் சென்னை ஏஜென்டுக்கு அனுப்பு, அவர் பார்த்து அனுப்பட்டும் என்று உத்தரவு. அனுப்பினோம். ஏஜென்டுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது. நான் போட்ட முடிச்சு, தாதா ஒட்டிய டேப், எல்லாம் அப்படியே திரும்பி வந்தன; மேலே புது விலாசச் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது.

"சார், இதைப் பிரிக்கவே..." என்று ஆரம்பித்தேன். தாதா என் காலை மிதித்தார். செல்வம் அண்ணனின் முட்டியை நினைத்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாதத்தைப் பாதியில் விட்டேன். மேனேஜர் அட்டைப்பெட்டியைத் தடவிப் பார்த்தார். "பார்த்தியா, மெயின்லேண்ட்ல இருந்து வந்தா அந்த ஃபினிஷிங்கே தனி. கார் நிக்கோபாருக்கு இதையே அனுப்பிடு."

தண்ணீர்

பெட்டி போய்ச் சேர்ந்து இரண்டாம் மாதம், அங்கே மறுபடி நெட் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். போன் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பொறுக்காமல் நானே கூப்பிட்டேன். "நெட் அஞ்சு நாளா இல்லை தங்கச்சி, தண்ணி ஏக்தம் கரெக்டா டைமுக்கு வருது. தயவுசெஞ்சு இதைச் சரிபண்றேன்னு யாரும் வந்துடாதீங்க!"

படித்த படிப்புக்கும் பேசின பேச்சுக்கும் மசியாத மேனேஜரைப் பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி மசிய வைத்துவிட்டதால், அடுத்த தடவை வாதாடுவதற்கு முன்னால் நானே ஒருமுறை கப்பலேறிச் சென்னை போய்த் திரும்பி வந்துவிடலாம் என்றிருக்கிறேன்.