மலையில் முறியாத கால்

கோஜே தீவின் கப்பல் கட்டும் தளத்தில் இருபத்திரண்டு வருடம் வெல்டிங் வேலை பார்த்த பே கிச்சோல் ஒரு நாளும் மலை ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள். ஆனால் அவர் மலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்றுதான் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. அப்படிச் சொன்னவரும் அவரேதான்.

சாரத்துப் பலகை நழுவி, மூன்று ஆள் உயரத்திலிருந்து இரும்புத் தரையில் விழுந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மேஸ்திரி நாம் தொசிக் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டார். தளத்து வாசல் பலகையில் ‘விபத்தில்லாத நாட்கள் 297’ என்று அன்று காலைதான் எழுதியிருந்தார்கள்.

வழியில் வண்டியை ஓரம் கட்டினார் தொசிக். பின்னால் கிடந்த தன் மலையேற்றச் சட்டையை எடுத்தார். அந்த ஊரில் யார் வண்டியிலும் அப்படி ஒன்று கிடக்கும்.

“தம்பி, இதை மாட்டிக்க. மலையில விழுந்தேன்னு சொல்லிடு. வேலையில அடிபட்டதுன்னு போச்சுன்னா நம்ம முப்பது பேருக்கும் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. உன் காலை நான் பாத்துக்கறேன்டா.”

“உயிர் போவுதுண்ணே. என்ன வேணா சொல்றேன், ஓட்டுங்க.”

அண்ணன் என்று கூப்பிட்டு இருபது வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்ட மனுஷன். நம்பாமல் எப்படி இருப்பது?

காலுக்குள் கம்பி வைத்தார்கள். மறுநாள் தொசிக் மாட்டெலும்பு சூப்போடு வந்தார். எலும்பு கூடுவதற்கு அதுதான் நல்லது என்று அவர் மனைவி விடிய விடியக் கொதிக்க வைத்ததாம். “தளத்துப் பசங்க உன்னைப் பாக்கணும்கறானுங்க. அந்தச் சட்டையை மேல போட்டுக்க, ஆஸ்பத்திரி உடுப்புல பாத்தா பயந்துருவானுங்க” என்று படம் பிடிக்கக் கைப்பேசியை நீட்டினார். கிச்சோல் இரண்டு விரலை விரித்துச் சிரித்தார். அதன்பின் சனிக்கிழமை தவறாமல் சூப் வந்தது.

எட்டு மாதமாகியும் எலும்பு கூடவில்லை. சீழ் வைத்துவிட்டது. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: “ரெண்டு வழி இருக்குங்க. கெட்ட எலும்பை வெட்டிட்டு, காலைச் சுத்திக் கம்பிக்கூண்டு மாட்டி, புது எலும்பை வளத்துக் கொண்டுவரணும். ஒரு வருஷமாவது ஆகும். இல்லேன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்.”

ஒரு வருடம் படுத்தால் வீடு எப்படி ஓடும்? மனைவி ஒக்சுன் மீன் கொட்டகையில் கணவாய் கழுவிக் கொண்டுவருவது அரிசிக்கே சரி. வேலையில் பட்ட காயம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் சிகிச்சையும் நடக்கும், சம்பளத்தில் பெரும்பங்கும் வரும். கிச்சோல் ஊன்றுகோலோடு தொழிலாளர் காய அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னார்.

விசாரணை நாளில் தொசிக் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

“அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் லீவுங்க. சேந்துதான் மலைக்குப் போனோம்” என்றார். வருகைப் பதிவேடும் அப்படியே சொன்னது. கூட வேலை பார்த்த யாரும் எதையும் பார்க்கவில்லையாம். அப்புறம் அதிகாரி ஒரு படத்தை மேசைமேல் வைத்தார். மலையேற்றச் சட்டையில், இரண்டு விரலை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார் கிச்சோல்.

பொய்யைக்கூட அவர் பொறுத்திருப்பார்; முதல் நாள் சூப்போடு வந்தபோதே இந்தப் படத்துக்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறான் என்பதைப் பொறுக்க முடியவில்லை.

மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள். சீழ் அதுவரை காத்திருக்காது. வசந்த காலத்தில் காலை எடுத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை தொசிக் தூக்குப்பாத்திரத்தோடு வந்து கட்டில் ஓரமாக நின்றார். “தம்பி, முப்பது குடும்பம்டா... சூடா இருக்கு, ரெண்டு வாய் குடி.”

கிச்சோல் போர்வையை விலக்கிக் காட்டினார்.

“எந்த எலும்புக்குண்ணே?”