ஒரு சைஸ் சின்னது

கண்ணையும் மூக்கையும் மூடுகிற முக்குளிப்பு மாஸ்க்கை அக்கா முகத்தில் வைத்து, வாரை மாட்டாமல், மூக்கால் ஒரே இழுப்பாக மூச்சை இழுத்துக் கையை எடுத்துவிடுகிறார். மாஸ்க் விழாமல் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதே கோலத்தில் வாடிக்கையாளரைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டுகிறார். பேசினால் பிடி விட்டுவிடும் என்பதால் அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் வாய் சும்மா இருக்கும்.

கடலுக்கடியில் முக்குளிக்கப் பழகுகிறவர்களுக்கு வேண்டிய சாமான் விற்கும் கடை அது. அங்கே விற்பனைக்கு நிற்பவர் அவர். பக்கத்துக் கடை என்னுடையது. மூக்குக் கண்ணாடி செய்கிறேன். கிட்டப்பார்வைக்காரர்களின் மாஸ்க்குக்குப் பவர் கண்ணாடி பதித்துத் தரச் சொல்லி அவர் வருவார். வம்பளக்க நான் போவேன். தண்ணீர் விஷயத்தில் எனக்குக் குளியலறை வாளியே போதுமான ஆழம், சாமி. தெருவில் எல்லோரும் அவரை அளவக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

புதிதாக வருகிறவர்கள் வீடியோ பார்த்துக் கெட்டுப்போய்த்தான் வருவார்கள். தொந்தியும் தொப்பியுமாக வந்த ஒரு காண்டிராக்டர், கையளவு அகலத்தில் ஆளுயரம் நீண்ட கறுப்புக் கால்துடுப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். “அது ரொம்ப கெட்டி சார். கால் பழகினவங்க போடறது. வண்டி ஓட்டக் கத்துக்கறப்பவே லாரியா கேக்கறீங்க?” என்று சொல்லி, குட்டையாக, மெத்தென்று இருந்த ஒரு ஜோடியை அவர் மடியில் வைத்துவிட்டார் அக்கா. இன்னொருவர் முறுக்கு மீசைக்காரர். மீசை வழியே மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறும். “மாஸ்க் வேணும்னா மீசையக் கொஞ்சம் இறக்கணும். மீசைதான் வேணும்னா கரையில நில்லுங்க, அழகா இருக்கும்.” மனிதர் கோபித்துக்கொண்டு போனார். மறுவாரம் மழமழவென்று வந்து நின்றார்.

துடுப்பு மாட்டிப் பார்க்கும்போது அவர் தரையில் மண்டியிட்டுவிடுவார். ஆனால் காலைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார். “சரியா இருக்குன்னு வாய் சொல்லும். கண்ணு சுருங்கும். நான் கண்ணைத்தான் கேப்பேன்.” பெரிதாக இருந்தால் தண்ணீரில் கழன்று போகும், சின்னதாக இருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் என்பதைச் சலிக்காமல் ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்கிற மாதிரியே சொல்வார்.

இப்படிப்பட்டவர் ஒரு பயந்தாங்கொள்ளி என்றால் நம்புவீர்களா? ஆனால் அதுதான் உண்மை. கடலுக்குள் போய் நல்லபடியாக வந்தவன் எவனும் கடைக்கு வந்து சொல்வதில்லை. அறுந்த வாரும், கிழிந்த குழாயும்தான் திரும்பி வருகின்றன. அவற்றைத் தொட்டுத் தொட்டு அவருக்குள் பயம் ஊறிவிட்டது. ஒரே ஒரு தடவை முதலாளி வற்புறுத்தி அவரையும் இறக்கியிருக்கிறார். “பயங்கரமா இருந்துச்சாக்கா?” என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்படி இருந்திருந்தா பரவாயில்லையே. நல்லா இருந்துச்சு. சத்தமே இல்ல. ஏறி வரணும்னே தோணலை. அதான் பயம்.” சொல்லும்போதே அவர் கை மயிர் சிலிர்த்திருந்தது.

போன மாதம் அக்காவின் மகளுக்கு வேலை கிடைத்தது. பாலங்களின் கால்களைத் தண்ணீருக்கடியில் போய்ச் சோதிக்கிற கம்பெனி. முக்குளிக்கத் தெரிந்து சான்றிதழ் வாங்கினால்தான் வேலை உறுதி. பெண் துள்ளிக்கொண்டு சொன்னாள். அக்கா மாஸ்க் போட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

சாமான் எடுக்க மகள் கடைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மாஸ்க்கை அக்கா அருமையாகத்தான் தேர்ந்தெடுத்தார். துடுப்புக்கு வந்ததும் அலமாரியின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு குதிகாலையும் சேர்த்து மூடுகிற வகையில் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து மாட்டினார்.

“கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா.”

“புதுசுல்ல. தண்ணியில விட்டுக்கொடுக்கும்.”

அவள் கண் சுருங்கியதை நானே பார்த்தேன். அக்காவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போன பிறகுதான் வாயைத் திறந்தார். “ஒரு சைஸ் சின்னது குடுத்திருக்கேன். நீச்சல் குளத்துல வச்சுதான் முதல் பரீட்சை. கால் பிடிச்சுக்கும், பாதியிலேயே கரையில ஏத்தி விட்டுடுவாங்க. பக்கத்துலயே வாத்தியார் நிப்பாரு, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. தோத்துட்டா வேற வேலை பாத்துக்குவா.”

“அடப்பாவி அக்கா! பெத்த பொண்ணுக்கா?”

“பெத்ததாலதான்” என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார். பிள்ளை பெற்றவர்களின் கணக்கு எனக்கு எப்போதுமே பிடிபட்டதில்லை.

பரீட்சை நாளன்று அவரிடம் சாமான் வாங்கியவர்கள் பாக்கியசாலிகள் இல்லை. ஒரே மாஸ்க்கை ஒருவருக்கே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். போன் அடித்தபோது நான் பவர் கண்ணாடியோடு அங்கே நின்றிருந்தேன். மகளின் குரல் எனக்கே கேட்டது.

“அம்மா, பாஸ்! நாளைக்குக் காத்து மாறுதாம், அதனால இன்னிக்கே கடல்ல இறக்கறாங்க. நேரா படகுத்துறைக்குப் போயிட்டு இருக்கோம். வச்சிடறேன்!”

அக்காவின் முகம் வெளிறிப்போனதை அன்றுதான் கண்ணால் கண்டேன். “கால் பிடிக்கலையா... பிடிச்சிருக்கும். பல்லைக் கடிச்சிருக்கா” என்று தனக்குத்தானே சொன்னார். “ஐயோ, குளத்துல தரை எட்டும். கடல்ல எங்க காலை ஊனுவா?” திரும்பக் கூப்பிட்டார். மகள் எடுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஜோடித் துடுப்பையும் ரப்பர் காலணியையும் உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் தெருவில் இறங்கிப் படகுத்துறைக்கு ஓடினார். இரண்டு கடையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். படகு போயிருந்தால்? அதை மட்டும் கேட்டுவிடாதே என்று என்னையே அடக்கிக்கொண்டேன்.

படகு நின்றிருந்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். மகள் துறையின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் சின்னத் துடுப்புக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. அதையும் மீறி ரத்தம் கசிந்திருந்தது.

“கழட்டு.”

“அம்மா? நீ எங்க இங்க?”

“கழட்டுடி!”

அவரே மண்டியிட்டு உருவி எறிந்தார். மகள் வலியில் முகம் சுளித்தாலும் சிரித்தாள். “நடுவுல ரெண்டு காலும் பிடிச்சுக்கிச்சும்மா. விடலையே நான். போடப் போடச் சரியாகும்னு நெனச்சேன். நீ எடுத்துக் குடுத்ததாச்சே, தப்பாவா இருக்கும்?”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா உடைந்துபோனார். “தப்புதான்டி. தெரிஞ்சேதான் சின்னதா குடுத்தேன். நீ தோத்துட்டு வீட்டுக்கு வந்துடணும்னு.”

மகளின் சிரிப்பு நின்றது. படகிலிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன், வேறென்ன செய்வது?

“ஏம்மா?”

“பயம். வேற என்ன? கீழ போனா உனக்குப் பிடிச்சுப்போகும். எனக்கே பிடிச்சுதே.”

மகள் தாயின் உச்சந்தலையைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அக்காவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் காலை நீட்டினாள். “மாட்டி விடு. நேரமாச்சு.”

புண்ணில் உரசாமல் முதலில் ரப்பர் காலணியைப் போட்டார். அதன்மேல் துடுப்பு. குதிகாலுக்குப் பின்னால் வாரை இழுத்து மாட்ட வேண்டும். மூன்று முறை நழுவியது. உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். ஒரு வழியாகக் கொக்கி விழுந்தது. அடுத்த காலும் ஆனது. வாருக்கும் காலுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தார். முகத்தை நிமிர்ந்து பார்த்து, “சொல்லு, இறுக்குதா?” என்றார்.

“இல்லம்மா. சரியா இருக்கு.”

கண் சுருங்கவில்லை. துடுப்பு அவள் காலில் அச்சாகப் பொருந்தியிருந்தது. படகுக்காரர் என்ஜினைப் போட்டார்.

“அம்மா, விரலை எடும்மா. போகணும்.”

“ம்... போ, போ. நேரமாச்சு பாரு” என்றார் அக்கா. விரலை எடுக்கவில்லை.