ஒரு சுவருக்காக இரண்டு ஜெபங்கள்

இரண்டு தடவை பெயிலான ஒரு பாடத்தைப் பற்றித்தான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். வியாதி சுகமானதையும் விபத்தில் தப்பியதையும் இங்கே பலர் சொல்லிவிட்டீர்கள். என்னுடையது ஒரு சுவர் பற்றியது. பொறுமையாகக் கேளுங்கள்.

மட்டக்களப்பில் நான் கட்டட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவள். வீட்டு வரைபடத்தைத் தந்தால் எவ்வளவு சீமெந்துக் கல் போகும், எவ்வளவு மணல் போகும் என்று அளந்து சொல்லிவிடுவேன். கலியாணம் முடித்து மொன்றியலுக்கு வந்த பிறகு, ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைதான் கிடைத்தது. மடித்து மடித்தே வருடங்கள் போய்விட்டன. கடைசியில் துணிந்து பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தேன். கட்டடங்களை அளந்து, கட்டும் செலவைக் கணித்து நிர்வகிக்கும் பட்டப்படிப்பு. தெரிந்த தொழில்தானே, பிரெஞ்சு மட்டும்தான் கழுத்தறுக்கும் என்று நினைத்தேன்.

பிரெஞ்சைச் சமாளித்தேன். சுவர்தான் என்னைக் கவிழ்த்தது.

நம்முடைய ஊரில் சுவர் என்றால் கல்லும் சாந்தும். இங்கே வீடுகளுக்கு வெளியே செங்கல் தெரியும், ஆனால் அது வெறும் போர்வை. பாரத்தைத் தாங்குவது உள்ளே வரிசையாக நிற்கும் மரச்சட்டங்கள். அவற்றின் இடையே குளிரைத் தடுக்கும் பஞ்சு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், கடைசியில் பூச்சுப் பலகை. இவ்வளவையும் பிரெஞ்சில் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. பரீட்சையில் ஜன்னல் உள்ள ஒரு சுவரைத் தந்து மரத்தை அளக்கச் சொன்னார்கள். இரண்டு தடவையும் விடைத்தாளில் அதே வரியின் பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி. விரிவுரையாளர் நல்ல மனுஷி. கூப்பிட்டு வைத்துப் படம் கீறி விளக்கினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாவது தடவையும் தவறினால் படிப்பைத் தொடர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபரீட்சை பெப்ரவரி கடைசியில். சலவை இயந்திரங்களின் சத்தத்துக்குள் நின்று அழுவேன். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. அந்த ஒரு வசதி இருந்தது.

அதுவரைக்கும் நான் செய்த ஜெபமெல்லாம், பாஸ் பண்ண வையும் ஆண்டவரே என்பதுதான். ஜனவரியில் ஒரு காலை ரயிலில் போகும்போது, பாதையோரம் நின்ற வீடுகளைப் பார்த்துக்கொண்டே வேறுவிதமாகக் கேட்டுவிட்டேன். "பாஸ் பண்ணுறது கிடக்கட்டும் ஆண்டவரே. அந்தச் சுவருக்குள்ள என்னதான் இருக்கு? எனக்கு ஒருக்காக் காட்டும்." சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டது எனக்கே வெட்கமாக இருந்தது.

அதே வாரம் கடுங்குளிர் பிடித்தது. ரொக்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், படுக்கையறையின் ஜன்னல் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க்குழாய் உறைந்து வெடித்தது. வேலையால் வந்து கதவைத் திறந்தால் கணுக்கால் நனைகிறது. என் கணவர் ஜெயன் கோட்-டெ-நெய்ஜில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலை செய்கிறவர். பகலில், திரை போட்டு இருட்டாக்கிய அந்த அறையில்தான் படுப்பார். பாவம், ஈர மெத்தையின் பக்கத்தில் வாளியோடு நின்றார். படிப்பும் போகுது, வீடும் போகுது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய ஆட்கள் குழாயைத் திருத்தி, நனைந்த பலகையையும் பஞ்சையும் மேல் விளிம்பு வரைக்கும் வெட்டி எடுத்தார்கள். சுவர் காய வேண்டும், பூச்சுக்காரர் பிறகு வருவார் என்று சொல்லி, பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள்.

நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், என்ன இது என்று விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கணக்கில் ஜன்னல் என்றால் ஓட்டை. ஓட்டை வந்தால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். கல்லுக்கு அது சரி. என் கை பழக்கத்தில் மரத்தையும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஆனால் என் கண்ணுக்கு முன்னால், ஜன்னலைச் சுற்றித்தான் மரம் நெருக்கி நெருக்கி நின்றது. இரு பக்கமும் இரட்டைச் சட்டம், மேலே தடித்த உத்தரம், கீழே குட்டிச் சட்டங்கள். ஓட்டை விட்ட இடத்தின் பாரத்தை வேறு யார் தாங்குவது? ஜன்னல் வந்தால் பலகை குறையும், பஞ்சு குறையும், மரம் கூடும். அந்தச் சிவப்புக் கேள்விக்குறி கேட்டது இதைத்தான். வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அது விளங்கியதும் மற்றதெல்லாம் சந்தேகமாகிவிட்டது. மூலையில் சட்டங்கள் எப்படிச் சேர்கின்றன? மேல்தளத்தின் பாரம் எதில் இறங்குகிறது? வேலை முடிந்து வந்ததும் அளவு நாடாவோடு சுவருக்கு முன்னால் இருந்துவிடுவேன். ஒன்றுக்கு விடை கிடைத்தால் அடுத்த கேள்வி வந்து நிற்கும். இத்தனை வருடத்தில் ஒரு படிப்பு எனக்கு இவ்வளவு ஆசையாக இருந்ததில்லை.

இனித்தான் சிக்கல். ஜெயன் சாப்பாட்டுக்கு முன், இந்தச் சுவரைச் சீக்கிரம் மூடித்தாரும் என்று சத்தமாக ஜெபிப்பார். சனிக்கிழமை வீட்டு ஜெபத்தை நடத்தும் ரஞ்சி அக்காவும் கண்ணீரோடு அதையே கேட்பார். நான் ஆமென் சொல்வேன், பாதிக் குரலில். மனதுக்குள், பரீட்சை வரைக்கும் மூடவேண்டாம் ஆண்டவரே என்று கெஞ்சுவேன். பூச்சுக்காரர் வருகிறேன் என்பார், வரமாட்டார். ஜெயன் பொருமுவார், நான் நன்றி சொல்வேன். ஒரே வீட்டிலிருந்து இப்படி இரண்டு விண்ணப்பம் போனால் ஆண்டவர் என்னதான் செய்வார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஒரு விடுமுறை நாளில் அறைக்குள் போனேன். ஜெயன் குளிர்கால ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சுருண்டு படுத்திருந்தார். நித்திரையிலேயே இருமினார். அவர் எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கும்போது உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"இஞ்ச பாருங்க. சுவர மூடக் கூடாது எண்டுதான் நான் ஜெபம் பண்ணுறன்."

அவர் கோப்பையை வைத்தார். கோபிக்கப்போகிறார் என்று பயந்தேன். எழும்பிப் போய் விரிப்பைத் தூக்கி உள்ளே பார்த்தார். எனக்கு இன்னும் எவ்வளவு பார்க்க இருக்கிறது என்று கேட்டார். ஜன்னல் விளங்கிவிட்டது, மேல் மூலை இன்னும் விளங்கவில்லை என்றேன். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் வீட்டுச் சொந்தக்காரர் ஜெயனுக்குப் போன் எடுத்தார். பூச்சுக்காரர் நாளைக்கே வரலாமாம். எத்தனை வாரமாக ஜெயன் கேட்ட ஜெபம் அது. நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். ஜெயன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், இப்போது வேண்டாம், மனைவிக்குப் பரீட்சை, அது முடிந்த பிறகு வரட்டும் என்றார். மறுமுனையில் என்ன நினைத்தார்களோ தெரியாது. போனை வைத்துவிட்டு மெத்தையை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இனி நான் குறுக்க நிண்டு ஜெபம் பண்ண மாட்டன், சுகந்தி. நீ மூலையைப் பார்."

அப்போது அழுத அழுகையை நான் எந்த இயந்திரத்தின் சத்தத்துக்குள்ளும் ஒளிக்கவில்லை.

பரீட்சையில் இரண்டு ஜன்னலும் ஒரு கதவும் உள்ள சுவர் வந்தது. தாளைப் பார்த்ததும் உள்ளே நிற்கும் சட்டங்கள் தெரிந்தன. நல்ல புள்ளியோடு பாஸ். பூச்சுக்காரரும் வந்து சுவரை மூடினார். ஜெயனுக்கு இருமல் போய்விட்டது. இப்போது நான் மொன்றியலுக்குப் பக்கத்து லொங்கேயில் கட்டடச் செலவு கணிக்கும் அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குப் போகிறேன். விரிப்பு மடிப்பது முடிந்தது. பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

குழாயை வெடிக்க வைத்தது ஆண்டவர்தானா என்று ரஞ்சி அக்கா கேட்டார். எனக்குத் தெரியாது. அதையும் அவரிடமே கேட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம். நான் சுவருக்குள் பார்க்கக் கேட்டேன். அவர் என்னோடு வாழுகிற மனுஷனுடைய உள்ளத்தையும் சேர்த்துக் காட்டினார்.

ஆகவே உங்களையும் கேட்கிறேன். ஆண்டவரிடம் பலனை மட்டும் கேட்காதீர்கள், விளங்காததைக் கேளுங்கள். எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள். ஆனால் கேட்டதை வீட்டில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். குளிரில் படுக்கப்போவது அவராகவும் இருக்கலாம்.