மூங்கில் உடைந்த கிருத்திகை

வீரபாகு மாமா தோற்றுப்போனதாக அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. சீட்டாட்டத்தில் தோற்றால், சீட்டு பிசுபிசுத்தது என்பார். பஸ்ஸைத் தவறவிட்டால், டிரைவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை என்பார். பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு ‘அளப்பு வீரபாகு’ என்று பட்டப்பெயர். என் அக்கா தையல்நாயகியைக் கட்டியவர். அப்படிப்பட்ட மனிதருக்கு, தான் தோற்றதை அதிகாரி முன்னால் ஒப்புக்கொண்டால்தான் ஜெயிக்க முடியும் என்று ஒரு நாள் வந்தது. அதுவும் கல்கத்தாவில்! அன்றைக்கு என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு நானே ஒரு மோட்டார்தான்.

மாமாவும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் தறியில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு மேல் இருப்புக்கொள்ளாது. மெட்ராஸுக்கு ஓடிப்போய் மோட்டார் வைண்டிங் கற்றுக்கொண்டு வந்தார். வீட்டின் முன்கட்டில் கடை போட்டார். பின்கட்டில் அக்கா தறி நெய்வாள், முன்கட்டில் மாமா செம்புக் கம்பி சுற்றுவார். அறுபதுகளில் சுற்றுப்பட்டு கிராமங்களுக்கெல்லாம் கரண்ட் வந்து கிணற்றுக்குக் கிணறு பம்ப்செட் மாட்டிய காலம். கூரத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ எரிந்துபோன மோட்டார்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். மாமா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, “இதுக்கு நம்மள விட்டா ஆளே கெடையாதுபா” என்று ஆரம்பிப்பார். அளப்புதான் என்றாலும் அதில் பாதி உண்மை.

மோட்டாருக்குள் வட்டமாகக் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் மேலே மெல்லிய பூச்சு. எங்காவது ஒரு சுருளில் பூச்சு போய்க் கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டால் அங்கே சூடேறி, நாளடைவில் மோட்டாரே கருகிவிடும். எந்தச் சுருளில் நோய் என்று கண்டுபிடிக்க மோட்டாரைக் கிணற்றடியிலிருந்து பெயர்த்து, மூடியைக் கழற்றி, நடுவில் சுற்றுகிற உருளையை வெளியே இழுக்க வேண்டும். அதற்குள் நாற்று காய்ந்துவிடும். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. “வயித்து வலின்னு போனா டாக்டர் வயித்த அறுத்தா பாக்கறான்? குழாய வெச்சுக் கேக்கறான் இல்ல?” என்றார்.

அப்படித்தான் அந்தக் கருவி பிறந்தது. மெல்லிய கழியின் நுனியில் விரல் நகம் அளவுக்கு ஒரு கம்பிச் சுருள். மோட்டாரில் காற்றுப் போகிற ஓட்டை வழியாக அதை உள்ளே விட வேண்டும். மோட்டார் சுற்றாத அளவுக்குக் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சுருள் சுருளாகத் தடவிக்கொண்டே வர வேண்டும். நல்ல சுருள் ஒரே சீராக ரீங்கரிக்கும். நோய் பிடித்த இடத்தில் சத்தம் மாறிவிடும். கழிக்கு மூங்கில். தறியில் இழை பிரிக்கிற அச்சுக்கு மெல்லிசாகச் சீவுகிறார்களே, அந்த மூங்கில். வளையும், கரண்ட் பாயாது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். புதுத் தறியில் அறுக்கிற முதல் சேலை சாமிக்கு. புது ஆயுதம் எதுவானாலும் முதல் வேலை சாமிக்கு. அதனால் மாமா அந்தக் கருவியை ஒரு வாடிக்கைக்காரரின் மோட்டாரில்கூட வைத்துப் பார்க்கவில்லை! புத்தியுள்ளவன் செய்கிற வேலையா? ஆனால் தெருவில் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, எனக்கும்தான். எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடிக் கிருத்திகையன்று எங்கள் தெரு முருகன் கோயில் கிணற்று மோட்டாருக்கு முதல் பரிசோதனை என்று முடிவாயிற்று. விழா நோட்டீஸிலேயே அச்சடித்தார்கள்: ‘திருவாளர் வீரபாகு அவர்கள் கண்டுபிடித்த அதிசயக் கருவி முருகப்பெருமான் சன்னிதியில் இயக்கிக் காட்டப்படும்.’

காவடிக் கூட்டம் கிணற்றடியைச் சுற்றி நெரிந்தது. கருவிக்குச் சந்தனப் பொட்டு, மல்லிகைச் சரம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழியை உள்ளே விட்டார். ஒரு சுருள், இரண்டு சுருள், “ஆகா, கேக்குது, கேக்குது!” என்றார். கூட்டம் அரோகரா போட்டது. மூன்றாவது சுருளுக்கு வளைத்தபோது ‘சட்’ என்று ஒரு சத்தம். வெளியே இழுத்தால் பாதிக் கழிதான் வந்தது. மீதி உள்ளே மாட்டிக்கொண்டது. அப்புறமென்ன, மோட்டாரை முழுசாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அன்று வந்த கூட்டத்துக்கெல்லாம் நாங்கள் வாளியில் தண்ணீர் சேந்தி ஊற்றினோம். என் கை கொப்பளித்துப்போனது.

கோயில் தர்மகர்த்தா பூவராகவன் பெரியவர். எல்லோரையும் உட்காரவைத்து, “சாமிக்குன்னு வெச்சதுல கொறை சொல்லக் கூடாதுபா. யாரும் உடைஞ்சதுன்னு வாயத் தொறக்கப்படாது” என்றார். தெருவே தலையாட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெரு அன்றைக்கு அந்தப் பழமொழியையே பொய்யாக்கிவிட்டது. மாமாவுக்குச் சொல்லவும் வேண்டுமா? உடைந்தது என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லாமல் போயிற்று.

ஆனால் ராப்பகலாக அதே நினைப்புதான். கிணற்றடி ஈரத்தில் மூங்கில் ஊறி வலுவிழந்திருந்தது. பித்தளை வைத்தால் கரண்ட் பாயும். மாட்டுக்கொம்பு வெடித்தது. ஒருநாள் அக்கா தறியிலிருந்து எழுந்து வந்து, இன்னும் வேகவைத்துப் பசை போக்காத பட்டு நூல் ஒரு கத்தையை அவர் மடியில் போட்டாள். “இது முறுக்கா நிக்குது பாருங்க. மூங்கிலக் கட்டிக்கினு அழுவாதீங்க” என்றாள். அவளே அதைப் பட்டையாகப் பின்னிக் கொடுத்தாள். மாமா அதை வார்னிஷில் முக்கி, கம்பிச் சுருள் காயவைக்கும் அடுப்பில் வைத்து எடுத்தார். பாம்புபோல வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. தண்ணீரில் போட்டு எடுத்தாலும் அப்படியே. மாமா அக்காவைத் தூக்கிச் சுற்றினார். தறிக்கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை.

அடுத்த தை மாதமே பேடண்டுக்கு விண்ணப்பம் போட்டார். கருவிகளை ஆராய்ந்து, இது புதுசுதான், இவருடையதுதான் என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கிற உரிமை அது. மெட்ராஸ் பேடண்ட் ஏஜெண்ட் மாணிக்கவாசகம்தான் எழுதிக் கொடுத்தார். கல்கத்தா ஆபீஸில் ஒரு வருஷத்துக்கும் மேல் துருவித் துருவிக் கேள்வி கேட்டு, கடைசியில் ஏற்றுக்கொள்ளலாம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று விளம்பரம் போட்டார்கள். நாங்கள் தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். பொங்கல் ஆறுவதற்குள் ஆட்சேபணை வந்துவிட்டது.

போட்டது மெட்ராஸில் மோட்டார் சாமான் விற்கிற ஒரு பெரிய கம்பெனி. கிருத்திகைக் கூட்டத்தில் அவர்களுடைய விற்பனையாள் ஒருவன் இருந்திருக்கிறான். கருவியை நன்றாகப் பார்த்துக்கொண்டவன், உடைவதற்கு முன்பே பிரசாத வரிசைக்கு ஓடிவிட்டான். வயிறு முக்கியம் அல்லவா! அவன் சொன்னபடி அவர்களே கருவி செய்து விற்கத் தயாராகிவிட்டார்கள். ‘விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறியக் காட்டிய பொருள், புதிதில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்பது அவர்கள் கட்சி. சாட்சிக்கு எங்கள் விழா நோட்டீஸ்.

மாணிக்கவாசகம் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். “சோதனைக்காக வெளியில வெச்சுப் பாத்திருந்தா, அதுவும் ஒரு வருஷத்துக்குள்ளன்னா, சட்டம் ஏத்துக்கும். அதுவுமில்லாம நாம கேக்கறது பட்டுக் கழி. அன்னிக்குக் காட்டினது மூங்கில். அன்னிக்கு என்ன நடந்தது, அதச் சொல்லுங்க.”

“பிரமாதமா நடந்தது” என்றார் மாமா.

“பிரமாதமா நடந்திருந்தா நாம இப்பவே மூட்டையக் கட்டலாம். மூங்கிலே போதும், பட்டு எதுக்குன்னு கேப்பாங்க.”

நான் உடைந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் சிவந்திருந்தது. வெளியே வந்து, “கந்தா, ஏஜெண்டுக்கு நீ சொல்லு, வேணாங்கல. முருகனுக்கு வெச்சது உடைஞ்சதுன்னு என் வாயால மட்டும் வராது” என்றார். மாணிக்கவாசகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதிகாரி அவரைத்தான் கேப்பாரு. அவர் வாயாலதான் வரணும்” என்று கையை விரித்துவிட்டார்.

கல்கத்தா விசாரணைக்கு ஹவுரா மெயிலில் கிளம்பினோம். தாலுகா ஆபீஸ் கிளார்க்கான நான், மாமாவின் பேச்சை இங்கிலீஷில் சொல்வதற்கு. கழியைப் பின்னிய அக்கா, செய்முறை காட்டுவதற்கு. கோணிச் சாக்கில் ஒரு சுருள் கெட்ட சின்ன மோட்டார், புளிசாதம், கூடவே மாணிக்கவாசகமும் அவருடைய கருப்புக் கோட்டும். ரயில் ஆந்திராவைத் தாண்டுகிற வரைக்கும் அக்கா மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

“ஊருக்குப் பயந்துக்கினு, நாம செஞ்ச பொருள அவனுங்களுக்குத் தூக்கிக் குடுக்கப் போறீங்களா?”

“ஊருக்கு இல்லமா. மேல ஒருத்தன் பாத்துக்கினு இருக்கான்.”

“அவன் அன்னிக்கும்தான பாத்துக்கினு இருந்தான்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா கோணிச் சாக்கின் கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

அதிகாரி ஒல்லியான வங்காளி. மேஜையில் எங்கள் பட்டுக் கழி, பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த கருவி. பார்த்தேன், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது மூங்கில்! திருட்டு நன்றாகத்தான் செய்திருந்தார்கள், ஆனால் நோயையும் சேர்த்துத் திருடியிருந்தார்கள். கம்பெனி வக்கீல் நோட்டீஸை வாசித்துக் காட்டினார். மாணிக்கவாசகம் சட்டம் பேசினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். விழா நாளில் கருவி வேலை செய்ததா என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். மாமாவின் நெஞ்சு நிமிர்ந்தது. ‘பி’ என்று உதடு சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ‘பிரமாதம்’ என்று வந்தால் ‘உடைந்தது’ என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அக்கா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமா வாயை மூடினார். மேஜைமேல் இருந்த அந்த மூங்கிலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அப்புறம் கிணற்றடியில் நின்று கத்துகிற அதே குரலில் ஆரம்பித்தார். “எழுதிக்கச் சொல்லுடா கந்தா! உடைஞ்சுது! நடு ஜனத்துல, மூணாவது சுருள்ல, சட்டுன்னு உடைஞ்சுது! நான் மூங்கில எடுத்துக்கினு போனேன். முருகன் வேணாம்னு உடைச்சுட்டான். அவன் கேட்டது பட்டு. அது எங்க வூட்டுத் தறியிலயே இருந்துது, இந்த மடையனுக்குத் தெரியல. இவ எடுத்துக் குடுத்தா!”

இங்கிலீஷில் எப்படிச் சொன்னேனோ தெரியாது, அதிகாரி ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கம்பெனி மூங்கிலை அதில் ஊறப்போட்டார். பட்டுக் கழியையும் போட்டார். அரை மணி நேரம் ஊறவிட்டார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு எங்கள் மோட்டாரில் இரண்டையும் விட்டுக் காட்டச் சொன்னார். மூங்கில் மூன்றாவது சுருள் வரைக்கும்கூடப் போகவில்லை. அந்த ‘சட்’ சத்தத்தைக் கேட்டு நான் கைதட்டிவிட்டேன். அதிகாரி என்னை முறைத்தார். பட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. இயர்போனை அவரே காதில் வைத்துக் கேட்டார். நோய்ச் சுருள் வந்ததும் அவர் புருவம் ஏறியது.

தீர்ப்பு தபாலில்தான் வந்தது. கழி நுனியில் சுருள் வைத்துக் கேட்கிற யோசனையை ஊர் அறிந்துவிட்டது, அது பொது. வார்னிஷ் ஊறிய பட்டுக் கழி வீரபாகுவுடையது, அதை வேறு யாரும் செய்யக் கூடாது. மாமா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டு, தெருக்கோடி வரைக்கும் ஓடினார்.

அந்த வருஷக் கிருத்திகை நோட்டீஸைப் பூவராகவன் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா அச்சாபீஸில் கொடுத்த வரி அப்படியே அச்சாகியிருந்தது: ‘இதே சன்னிதியில் முன்பு உடைந்துபோன கருவி, இவ்வாண்டு பட்டில் செய்து முருகப்பெருமானுக்குச் சமர்ப்பிக்கப்படும்.’

“இன்னாபா இது! சாமி முன்னால உடைஞ்சுதுன்னு அச்சடிச்சே போட்டுட்டியே?”

“உடைச்சவரே அவருதானங்க” என்றார் மாமா. “அவருகிட்ட மறைச்சு இன்னா ஆவப்போவுது?”