எழுபத்தாறாம் எண் கேட்டது

எண்களை அழுத்திவிட்டு, மறுமுனையில் ஆள் எடுப்பதற்குள் போன்காரம்மா அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார். போனில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அலுவலகமே சிரிக்கும். "குரல்ல தெரிஞ்சிடும், உங்களுக்கென்ன தெரியும்?" என்பார்.

மனிதர் பிறந்ததிலிருந்து முதுமைவரை எப்படி வளர்கிறார், எப்படி மாறுகிறார் என்று பார்க்கிற ஆய்வு அலுவலகம் அது. ஒரே ஆண்டில் பிறந்த முந்நூறு பேர், ஆளுக்கொரு எண். அவர்களுக்கு மூன்று வயதாக இருந்தபோது இவர் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது அவர்களுக்கு நாற்பத்தொன்று. இவருக்கு அடுத்த மாதம் ஓய்வு. சின்ன வயதில் நேரில் வந்தவர்கள்தான்; இப்போது வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அச்சடித்த கேள்விகளை அப்படியே வாசிக்க வேண்டும். தூக்கம் எப்படி, கோபம் வருகிறதா, மனசுக்கு நெருங்கின ஆள் உண்டா. கூடுதலாக ஒரு வார்த்தை பேசினால் ஆய்வு கெட்டுவிடுமாம்!

யார் எந்த வயதில் முதல் பொய் சொன்னார், யார் பத்து வயதுவரை விரல் சூப்பினார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. "முந்நூறு பிள்ளைங்க இருந்தும் நாதியத்தவ நான்" என்று சிரிப்பார். ஒருவராவது "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்க மாட்டாரா என்ற ஏக்கம் மட்டும் விளையாட்டில்லை.

நேற்று எழுபத்தாறாம் எண்.

"மனசுக்கு நெருங்கின ஆள் யாராவது இருக்காங்களா?"

"அம்மா போன மாசம் தவறிட்டாங்க. சின்னப் பிள்ளையில நான் எப்படி இருந்தேன்னு கேக்க இனிமே ஆளில்ல. நீங்க எழுதி வச்சிருப்பீங்களே, சொல்ல மாட்டீங்களா?"

"மன்னிக்கவும், விவரங்களைப் பகிர அனுமதி இல்லை" என்ற பதில் தாளிலேயே இருக்கிறது. வாசித்தால் முடிந்தது. ஆனால் கண்முன்னே வந்து நின்றதென்னவோ, ஷூவை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த மூன்று வயசுப் பொடியன். மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னால், ஒன்றை எடுத்து "இது உனக்கு" என்று இவர் கையில் திணித்தவன். அதைக் குறிக்கத் தாளில் கட்டம் இல்லை. அதனால் எங்கேயும் எழுதவில்லை, மறக்கவும் இல்லை.

"சாப்டியா நீ?" என்று கேட்டுவிட்டார்.

பதினெட்டு வயது முடிந்த எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வருடமாகத் தவறாத நாக்கு. மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"போனை வச்சிடாதப்பா, இரு."

போன்காரம்மா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.