சொந்த ஓட்டம்

அந்தப் பக்கத்துத் தையல் கடைகளில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் பின்னறைதான் அவருக்குப் பட்டறை. அங்கிருந்து கருவிப் பெட்டியோடு பழைய நீலக் காரில் கிளம்பிவிடுவார். தொழிலுக்காகக் கார் ஓடிய தூரத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டு. சொந்த வேலைக்கு ஓடியதற்குக் கிடையாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அவர் மனைவி செய்த அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல.

முன்சீட்டு அந்த அம்மாளுடையது. ஒவ்வொரு கடைக்கும் கிளம்பும்போது மீட்டரை உரக்கப் படிப்பார், இவர் குறித்துக்கொள்வார். வழியில் காய்கறி மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு தெரு வளைந்துவிட்டால் போச்சு.

"என்னங்க, கத்திரிக்காய்க்கு வளைஞ்சதைக் கழிச்சீங்களா?"

"அரை கிலோமீட்டர்கூட இருக்காதும்மா."

"அரையோ காலோ, அது நம்ம ஓட்டம். அதைப் போய் கவர்ன்மென்ட் தலையில கட்டுவீங்களா?"

வேலை முடிந்த மாலைகளில் வேண்டுமென்றே ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்வார். கண்ணாடியை இறக்கிவிட்டு, சீட்டில் காலை மடித்து உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த கடைக்காரர்களைப் போல் ஒவ்வொருவராகப் பேசிக் காட்டுவார். சிரிப்பை அடக்க முடியாமல் இவர் வண்டியை ஓரங்கட்டிய நாட்களும் உண்டு.

அந்த அம்மாள் போய் இரண்டு வருடமாகிறது.

இந்த வருட வரிக் கணக்கை எழுத மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அதுதான் தொழில். சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பி, கார் ஓடிய மொத்தத் தூரத்தையும் தொழில் ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. வருஷம் முழுக்க சொந்த ஓட்டம் ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்ல மாப்பிள்ளை."

"காது குத்துறாருன்னு சொல்லி மொத்தக் கழிவையும் தள்ளிடுவாங்க. சொந்த ஓட்டம்னு சும்மா ஒரு ஐநூறு போட்டுடலாமா?"

"போகாத இடத்துக்குப் போனேன்னு எப்படி எழுதுறது?"

குரல் உயர்ந்துவிட்டது. சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவர் தணிந்தார்.

"கடைக்கு நடந்துதான் போறேன். உங்க வீட்டுக்கு பஸ்ல வர்றேன். வேலைன்னா பெட்டியை முன்சீட்டுல வெச்சுக்கிட்டு எப்படியோ போயிடுறேன். சும்மா போகணும்னா அந்த சீட்டு காலியா இருக்கு மாப்பிள்ளை. என்னால முடியல."

மாப்பிள்ளை பேனாவை மூடினார். "உள்ளபடியே கொடுத்துடலாம் மாமா. யார் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முன்சீட்டிலிருந்த கருவிப் பெட்டியைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வாங்கப்பா, ஏரிக்கரை வரைக்கும்."

மாட்டேன் என்று சொல்லத்தான் போனார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஏறி உட்கார்ந்ததும் மகள் எட்டிப் பார்த்து, அம்மாவைப் போலவே மீட்டரை உரக்கப் படித்தாள். பழக்கத்தில் அவர் கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது.

"எழுதாதீங்கப்பா," என்றாள். "இது நம்ம ஓட்டம்."

வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.